கப்பலில் பாடிய பல்லவி

புதன்கிழமை மாலை பத்திரிகைக்காரர்கள் முன்னால் இசையமைப்பாளன் டோர்ட் அடித்த ஜம்பத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தோம். "பல்லவி நான் போட்டது. பல்லவிதானே பாட்டு? மத்ததெல்லாம் ஜோடனை" என்று அவன் சொன்னான். பாடப்போகிற ரிகா வாய்விட்டுச் சிரித்தாள். பாட்டை எழுதிய அவர்கள் மகள் டூவா, குடித்துக்கொண்டிருந்த காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். அவள் போனதை அந்த மேஜையில் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வினை அங்கேதான் பிடித்தது.

வியாழக்கிழமை விடிந்தது. வட ஐரோப்பாவின் சுண்ட்ஸ்வால் ஊரில் பிப்ரவரி மாதத்து வெளிச்சம் எழுந்து பல் தேய்த்து வருவதற்குள் மனிதர்கள் இரண்டு காபி முடித்திருப்பார்கள். ஹோட்டல் சாப்பாட்டு அறையில் ரிகா வறட்டு ரொட்டியின் மேல் மீன்முட்டைப் பசையை ட்யூபிலிருந்து பிதுக்கிக்கொண்டிருந்தாள். ஐம்பத்தொரு வயது. அந்த நேரத்திலும் கண்ணுக்கு மை, காதில் பெரிய வளையம்.

உல்ரிகா ஹெட்மன் என்ற சொந்தப் பெயரால் அவளை இப்போது வரி இலாகா மட்டும்தான் கூப்பிடுகிறது. வெள்ளி நிறக் கால்சட்டை போட்டுக்கொண்டு 'ரிகா' என்று மேடையேறியபோது அவளுக்கு இருபத்திரண்டு. அந்தக் கோடையில் அவள் பாட்டு ஒலிக்காத நடன அரங்கு ஐரோப்பாவில் இல்லை. ஜெர்மனியில் முதலிடம், இத்தாலியில் முதலிடம், ஜப்பானில் அவள் படம் போட்ட பற்பசைகூட விற்றார்கள். அப்புறம் காற்று திசை மாறியது. நடனப் பாட்டுக்காரிகளுக்குக் காற்று எப்போதும் திசை மாறத்தான் செய்யும். பலர் வீட்டு வியாபாரத்துக்கும் யோகா வகுப்புக்கும் போய்விட்டார்கள். ரிகா போகவில்லை. கம்பெனிகளின் கிறிஸ்துமஸ் விருந்து, கோடைத் திருவிழா, பின்லாந்து போகும் உல்லாசக் கப்பல் என்று எங்கே கூப்பிட்டாலும் போய், இருநூறு பேர் இருந்தாலும் இரண்டாயிரம் பேர் இருப்பதுபோலப் பாடிவிட்டு வந்தாள்.

அப்படி விடாமல் பாடியதற்குத்தான் இப்போது பலன் வந்திருந்தது. சனிக்கிழமை தேசியப் பாட்டுப் போட்டியின் மேடை. நாடே சோபாவில் உட்கார்ந்து பார்க்கும் நிகழ்ச்சி. பாட்டு, மகள் எழுதிய 'பனி விடும் நாள்'.

டோர்ட் வந்தான். முன்னாள் கணவன், இந்நாள் இசையமைப்பாளன். விவாகரத்தான பிறகுதான் இருவருக்கும் நன்றாக ஒத்துப்போகிறது என்று ஊரில் சொல்வார்கள். முகம் பேயறைந்ததுபோல் இருந்தது.

"ரிகா, நவம்பர்ல கப்பல்ல என்ன பாடின?"

"என்ன பாடினேன்? பழசுதான். வெள்ளி கால்சட்டைப் பாட்டு எல்லாம்."

"வேற?"

ரிகாவின் கையில் ட்யூப் நின்றது.

"அய்யய்யோ," என்றாள்.

டோர்ட் போனை நீட்டினான். இருட்டு, நீல விளக்கு, கூட்டம். நடுவில் ரிகா. அவள் குரல் 'பனி விடும் நாள்' பல்லவியை அடித்து நொறுக்கிக்கொண்டிருந்தது. கூட்டம் பீர் கோப்பையை வைத்துவிட்டு எழுந்து கையைத் தூக்கியது. வெறும் பல்லவி மட்டும், ஒரே ஒரு தடவை. சாப்பாட்டு அறையின் தட்டுச் சத்தத்தில் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.

"நேத்து ராத்திரி எவனோ போட்டிருக்கான். இப்ப எல்லா இடத்துலயும் ஓடுது."

போட்டியின் விதி ஒன்றுதான் இரும்பு விதி. மேடைக்கு வருமுன் பாட்டைப் பொதுவெளியில் யாரும் கேட்டிருக்கக் கூடாது. இது சின்னக் குழந்தைக்கும் தெரியும். ரிகாவுக்குத் தெரியாதா?

தெரியும். ஆனால் அவளுக்கு அதைவிடப் பழைய விதி ஒன்று இருந்தது. அவள் காலத்து நடனப் பாட்டுக்காரர்கள் எல்லாருக்கும் இருந்தது. புதுப் பாட்டை முதலில் கப்பலில் போட்டுப் பார்க்க வேண்டும். கப்பலில் இருப்பவன் பாதி போதையில் இருப்பான், பொய் சொல்ல மாட்டான். அவன் பீரை வைத்துவிட்டு எழுந்தால் பாட்டு ஓடும். எழாவிட்டால் பாட்டைக் கடலில் போட்டுவிடலாம். "கப்பல் எழுந்தா நாடு எழும்" என்பது டோர்ட் அவளுக்குக் கற்றுக்கொடுத்த வேதம். அந்தக் காலத்தில் யார் பையிலும் படம் பிடிக்கும் போன் இல்லை என்பதை மட்டும் வேதம் கணக்கில் எடுக்கவில்லை.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். தவளைக்காவது அது பிழைப்பு இல்லை. இவளுக்கு வாய்தான் பிழைப்பு.

"கவலப்படாத, வழி இருக்கு," என்றான் டோர்ட், குரலைத் தாழ்த்தி. "படம் இருட்டா இருக்கு. முகம் தெளிவா தெரியல. ரிகார்ட் பாடினான்னு சொல்லிடுவோம்."

ரிகார்ட் என்பவன், வெள்ளிக் கால்சட்டையும் பொய்முடியும் மாட்டிக்கொண்டு ரிகாவைப்போலவே ஆடிப் பாடிப் பிழைப்பவன். சில ஊர்களில் அவனுக்கு ரிகாவைவிட நல்ல கூட்டம்.

ரிகா சிரித்துவிட்டாள். "ரிகார்டா? அவன் குளியல் தொட்டியப் பாத்தாலே வாந்தி எடுப்பான். அவன் கப்பல்ல ஏறினான்னா யாரு நம்புவா?"

"அப்ப என்னதான் செய்யறது?"

"யில்வாகிட்ட போய்ச் சொல்றேன்."

"பைத்தியமா உனக்கு? உன்னத் தூக்கிடுவா. டூவாவோட பாட்டு போயிடும்!"

அதுதான் ரிகாவுக்கும் உறைத்தது. அவளுக்கு மேடைகள் வந்திருக்கின்றன, போயிருக்கின்றன. இருபத்துமூன்று வயது டூவாவுக்கு இது முதல் பாட்டு. ரிகா எழுந்து, ரொட்டியின் மிச்சத்தை வாயில் போட்டுக்கொண்டாள்.

"டோர்ட், டெலிவிஷன்ல டேப்பு ஓட ஓட வருஷக்கணக்கா வாயசைச்சிருக்கேன். அது தொழில். ஆனா வாயத் தொறந்து பொய் சொன்னதில்ல. இன்னிக்கு ஆரம்பிக்க மாட்டேன்."

அரங்கில் யில்வாவின் அறைக் கதவு திறந்தே இருந்தது. போட்டியை நடத்துகிறவள் அவள். முப்பது வருஷம் முன்னால் ரிகா மேடையிலிருந்து இறங்கும்போது தண்ணீர் பாட்டிலோடு நின்ற சின்னப் பெண்ணும் அவள்தான். அவள் மேஜையில் அந்தப் படம் ஏற்கனவே ஓடிக்கொண்டிருந்தது.

"வந்துட்டியா? இன்னும் கொஞ்ச நேரம் பாத்திருப்பேன். அப்புறம் நானே வந்திருப்பேன். உனக்கு அது நல்லா இருந்திருக்காது."

"நான்தான் யில்வா. பாடினேன். பல்லவி மட்டும். பழக்கதோஷம்."

"எனக்குத் தெரியும் உன் பழக்கதோஷம். உன்னோட முத ஹிட்டையே நான் கப்பல்லதான் கேட்டேன்."

"என் தப்புக்கு என்னத் தூக்கு. பாட்ட வேற யாராவது பாடட்டும். அது டூவாவோடது."

யில்வா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "அதான் பிரச்சன. கெட்டுப்போனது நீ இல்ல, பாட்டு. விடியற்காலைலருந்து ஸ்டாக்ஹோம் தலைமை ஆபீசோட சண்ட போட்டுட்டு இருக்கேன். கடைசில ஒண்ணுக்கு ஒத்துக்கிட்டாங்க. வெளிய கேட்டது எதுவும் மேடைல வரக் கூடாது. ஒரு சுரம்கூட. கேக்காதது வரலாம்."

"வெளிய கேட்டது பல்லவி."

"ஆமா. இன்னிக்கு சாயங்காலம் அஞ்சு மணி ஒத்திகைக்குள்ள வேற பல்லவி கொண்டு வா. இல்லன்னா கீழ் ஹோட்டல்ல மாத்துப் பாட்டுக்காரி ஒரு பொண்ணு பெட்டியோட காத்திருக்கா. அவ பாட்டு ஏறும்."

பல்லவி இல்லாத நடனப் பாட்டு! மாவில்லாத தோசை என்றே சொல்லலாம். ரிகாவின் வாழ்க்கையே பல்லவிகளால் ஆனது. சரணத்தில் அவள் என்ன பாடினாள் என்று அவளுடைய ரசிகர்களில் ஒருத்தருக்கும் தெரியாது.

ஒப்பனை அறையில் டூவா தரையில் சுவரோடு சாய்ந்து, மடியில் கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே வந்திருந்தது. கத்துவாள், அழுவாள் என்று நினைத்துக்கொண்டு போன ரிகாவுக்கு ஆச்சரியம். பெண் அமைதியாக இருந்தாள். முகம் மட்டும் வெளுத்திருந்தது.

"என்ன மன்னிச்சிடு டூவா. உன் பாட்ட நான் கெடுத்துட்டேன்."

"பல்லவி அப்பாவோடது. போனது அப்பாவோடது."

"சாயங்காலத்துக்குள்ள புதுசு வேணுமாம்."

"புதுசு வேண்டாம். பழசு இருக்கு."

அவள் ஒரு பொத்தானை அழுத்தினாள். தாளம் அதே தாளம். ஆனால் பல்லவி வரவேண்டிய இடத்தில் எல்லாம் அடங்கியது. அடியில் கனத்த பாஸ் ஒலி மட்டும் துடிக்க, ஒரு மெட்டு தாழ்ந்து, மெதுவாக, பேசுவதுபோல வந்தது. பாட்டு முதலில் பிறந்தபோது டூவா போட்ட பல்லவி அது.

டோர்ட் வாசலில் நின்று கேட்டான். "இதத்தான் அப்பவே வேண்டாம்னு சொன்னோமே! இதுக்கு எவன் எழுந்திருப்பான்? தூங்கிடுவான்."

ரிகாவுக்கும் பயம்தான். "கண்ணு, என் கூட்டம் கையத் தூக்கற கூட்டம். இதுல கை எங்க தூக்கறது?"

"தூக்க வேண்டாம். அன்னிக்குக் கை தூக்கினவங்க எல்லாம் இப்ப தோள்பட்ட வலிக்கு மருந்து தடவிட்டு இருக்காங்கம்மா. நீயும்தான்."

டோர்ட் வாயைத் திறந்தான். ரிகா கையைக் காட்டி அடக்கினாள். "அவ சொல்றது நெஜம். என் முட்டியக் கேட்டா அதுவும் சொல்லும்."

"நீ நில்லு, போதும்," என்றாள் டூவா. "சரணம் பூரா ஆடு. உன்னால முடிஞ்சதெல்லாம் காட்டு. பல்லவி வந்ததும் நின்னுடு. ஜனங்க நீ நின்னு பாத்ததில்ல."

வேறு வழியும் இல்லை, நேரமும் இல்லை. ஆனால் ரிகா வேறு வழி இல்லாதவள் போலப் பாட மாட்டாள். அது அவள் ரத்தத்தில் இல்லை. மதியம் முழுக்க கண்ணாடி முன்னால் நின்று அந்த மெட்டைப் பிடித்தாள். முதலில் அது அவள் வாயில் உட்காரவில்லை. பழக்கத்தில் ஒவ்வொரு வரி முடிவிலும் குரல் கூரையைப் பார்த்துக் கிளம்பியது. டூவா ஒவ்வொரு தடவையும் "கீழ வா" என்றாள். மகளிடம் இப்படித் திட்டு வாங்கி ரிகாவுக்குப் பழக்கமில்லை. ஆனாலும் வாங்கிக்கொண்டாள். நடனக்காரர்கள் நால்வரும் நிற்பதற்குப் பயிற்சி எடுத்தார்கள். ஆடத் தெரிந்தவனுக்கு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்று தெரிந்தது.

மாலை ஒத்திகை. அரங்கில் ஜனங்கள் இல்லை. ஜனங்கள் இருந்தால்கூடத் தேவலை. இருந்ததெல்லாம் கேமராக்காரர்கள், விளக்குக்காரர்கள், தச்சர்கள். காலையிலிருந்து ஏழு பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் காது புளித்தவர்கள். கப்பல்காரனாவது காசு கொடுத்துக் குடித்திருப்பான். இவர்களுக்கு எழுந்திருக்க ஒரு காரணமும் கிடையாது.

சரணத்தில் ரிகா ஆடினாள். முட்டி, வயது, இத்தனை வருஷ மேடை எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்தன. தாளம் ஏறியது, ஏறியது, வழக்கப்படி வெடிக்கப்போகிறது என்று எல்லாரும் எதிர்பார்த்த நொடியில் அவள் நின்றாள்.

நின்று, கீழ்க்குரலில், எதிரே ஒரே ஒருத்தி உட்கார்ந்திருப்பதுபோலப் பாடினாள்.

மேடையோரம் கேபிளைச் சுருட்டிக்கொண்டிருந்த ஒரு தச்சர் சுருட்டுவதை நிறுத்தினார். இரண்டாவது பல்லவியில் விளக்குமேடையிலிருந்து ஒருவன் காதுக்கருவியைக் கழற்றிவிட்டுக் கீழே எட்டிப் பார்த்தான். மூன்றாவது பல்லவியில் யாரும் எதையும் செய்யவில்லை. கை ஒன்றுகூட உயரவில்லை. ரிகா அதைப் பார்த்தாள். தன் வாழ்க்கையில் இதுவரை எந்தக் கூட்டத்தையும் இப்படிப் பிடித்து நிறுத்தியதில்லை என்று அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம்.

ஏழாவது வரிசையில் டோர்ட் மூக்கைச் சிந்தினான். "ஒத்துக்கறேன்," என்றான் பக்கத்தில் இருந்த காலி நாற்காலியிடம்.

யில்வா கட்டைவிரலை உயர்த்தினாள். "கீழ் ஹோட்டல் பொண்ணுக்கு ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுடறேன். ஒரு சம்பிரதாயம் மட்டும் பாக்கி. அந்தக் கப்பல் படத்த ஒலிக்காரங்க ஒரு தடவ முழுசா கேட்டு எழுதித் தரணும். பழைய பல்லவி தவிர வேற எதுவும் அதுல இல்லன்னு. நானும் கூட இருந்து கேட்டுடறேன்."

"தாராளமா கேளு. பழைய பல்லவி தவிர வேற என்ன இருக்கப்போகுது?" என்றாள் ரிகா.

ஒப்பனை அறைக்கு வந்ததும் வெற்றி மிதப்பில் அவளுக்கே ஆசை வந்தது. கப்பல்காரர்கள் எழுந்ததை இன்னொரு தடவை பார்க்கலாமே. டோர்ட் விட்டுப்போன போனை எடுத்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஓடவிட்டாள்.

தன் குரல். டோர்டின் பல்லவி. கூட்டத்தின் கூச்சல். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் காலையில் கேட்காத ஒன்று இப்போது கேட்டது. கூச்சலுக்கு அடியில், போனுக்கு மிக அருகில், படம் பிடிக்கிற ஆளே எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அது ரிகா பாடிய மெட்டு இல்லை. வேறு மெட்டு. தாழ்ந்து, மெதுவாக, பேசுவதுபோல.

காலையில் கேட்டிருந்தாலும் அவளுக்குப் புரிந்திருக்காது. மதியம் முழுக்க வாயில் உருட்டிய மெட்டு என்பதால் இப்போது புரிந்தது.

மறுபடி ஓடவிட்டாள். படத்தின் கோணத்தைப் பார்த்தாள். கப்பல் மேடைக்கு முன்னால் ஒரு கண்ணாடித் தூண் உண்டு. நடனத் தளத்தில் எங்கே நின்றாலும் அது குறுக்கே வரும். படத்தில் தூண் இல்லை. தூண் மறைக்காத இடம் அங்கே ஒன்றுதான், ஒலி மேஜை. அன்று ரிகாவுக்கு ஒலி பார்த்தவள் டூவா.

டூவா மூலையில் உட்கார்ந்து காலணிக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். வெகு நேரமாக அதே காலணி.

"கடைசி வரைக்கும் கேட்டேன்," என்றாள் ரிகா.

டூவாவின் கை நின்றது.

"நீயா போட்ட?"

"ஆமா." காலணியைப் பார்த்தபடியே சொன்னாள். "ஒரு மணி நேரத்துல அழிச்சுட்டேம்மா. சத்தியமா. அதுக்குள்ள எவனோ எடுத்து வச்சுக்கிட்டான்."

"உன் பாட்டே போயிருக்கும்டி! உன் பேரு போயிருக்கும்!"

"அது என் பாட்டா இருந்தாத்தானே போறதுக்கு?"

"என்கிட்ட சொல்லியிருக்கலாமே. ஏன் சொல்லல?"

"சொன்னேன். செப்டம்பர்ல நீங்க பல்லவிய மாத்தினப்ப சொன்னேன். கப்பல்ல சொன்னேன். நேத்து அத்தன பேர் முன்னாடி எழுந்து போனேன், அதுவும் சொன்னதுதான்." டூவா நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நீ சிரிச்ச."

ரிகாவுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது. அதற்கு முன்னால் வெட்கம் வந்து இடத்தைப் பிடித்துக்கொண்டது. மூன்று தடவை மகள் சொல்லியும் காதில் வாங்காத ஒருத்தி, சற்று முன் அவள் மெட்டைப் பாடித்தான் வாழ்க்கையிலேயே பெரிய நிசப்தத்தை வாங்கியிருந்தாள்.

ரிகா அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முட்டி சத்தம் போட்டது. அவிழ்ந்து கிடந்த கயிற்றைத் தானே எடுத்து முடிச்சுப் போட்டாள். மகளுக்கு ஐந்து வயதான பிறகு ரிகா அவளுக்குக் காலணி கட்டிவிட்டதில்லை.

"நல்ல பல்லவிடி," என்றாள். "முதல் தடவையே சொல்லியிருக்கணும்."

கதவு தட்டப்பட்டது. பதிலுக்குக் காத்திராமல் திறந்தது. யில்வா. கழுத்தில் பெரிய ஹெட்போன், முகத்தில் சிரிப்பில்லை.

"ரிகா, படத்த முழுசா கேட்டோம். பின்னாடி யாரோ முணுமுணுக்கறாங்க. நீ இப்ப மேடைல பாடினியே, அதே மெட்டு. அதுவும் வெளிய போயிருக்கு." அவள் பார்வை ரிகாவிடமிருந்து டூவாவுக்குப் போய்த் திரும்பியது. "அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல ஒரு வினாடி போதும். காலையில் டோர்டிடம் சொன்னது ரிகாவுக்கு நினைவு வந்தது. டூவாவின் கை அவள் கைக்குள் வந்து நுழைந்தது.

ரிகா சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மகளின் கையை விடவில்லை.

"தெரியும்," என்றாள். "உள்ள வந்து கதவச் சாத்து."